பிறந்த குழந்தைக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் சோதனை: பாலக்கோட்டுத் தம்பியின் கேள்விக்குப் பதில்

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மாமன் மகளைக் கட்டியவர். முதல் ஆண் குழந்தை ஐந்தாம் மாதத்தில் தவறிவிட்டது. காகிதத்தில் நிமோனியா என்று எழுதிக் கொடுத்தார்கள். பிறந்ததிலிருந்தே அந்தக் குழந்தைக்கு எடை ஏறவில்லை, ஓயாமல் வயிற்றால் போனது, சளி விடவே இல்லை. இப்போது மனைவிக்கு ஏழாம் மாதம், சித்திரையில் பிரசவம். அமெரிக்காவில் இருக்கும் மச்சான், "அங்கே எல்லாக் குழந்தைக்கும் குதிகாலில் குத்தி சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், நீங்களும் பாருங்கள்" என்கிறார். ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐம்பது நோய்க்கு மேல் கண்டுபிடிக்கும் பேக்கேஜ் இருக்கிறதாம். "எடுக்கலாமா? அப்படியே நோய் இருக்கிறது என்று தெரிந்தாலும் என்ன செய்ய முடியும்? குணமாகாத நோய் என்கிறார்களே" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். நுரையீரலையும் செரிமானத்தையும் கெடுக்கும் இந்தப் பரம்பரை நோயை உங்கள் குழந்தைக்குத் தேடிப் பார்க்கத்தான் வேண்டும். அதற்கு மச்சானோ பேக்கேஜோ காரணம் இல்லை, உங்கள் மூத்த பிள்ளையின் கதைதான் காரணம். எடை ஏறாமை, விடாத பேதி, விடாத சளி, சொந்தத்தில் திருமணம், சிசு மரணம். இந்த ஐந்தும் ஒரே வீட்டில் சேர்ந்திருந்தால், குழந்தை மருத்துவர் யாராக இருந்தாலும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸை ஒருமுறையாவது நினைத்துப் பார்க்க வேண்டும். அதுதான் என்று நான் சொல்லவில்லை. வேறு நோய்களும் இப்படியே முடியலாம், கடைசியில் அதற்கும் வருகிறேன். இன்னொன்று, குதிகால் இரத்தத்தோடு நின்றுவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான். உங்கள் வீட்டைப் பொறுத்தவரை, வியர்வையில் உப்பை அளக்கும் வியர்வைச் சோதனை வரை போயே ஆக வேண்டும்.

நோய் என்ன செய்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. நம் உடம்பின் பல செல்களில் உப்பு போய்வர ஒரு கதவு இருக்கிறது. குளோரைடு அந்த வழியாகத்தான் போகும், தண்ணீர் அதன் பின்னாலேயே போகும். அந்தக் கதவைச் செய்யும் மரபணுவுக்கு சி.எஃப்.டி.ஆர். என்று பெயர், 1989இல் கண்டுபிடித்தார்கள். கதவு பழுதானால் நுரையீரலில் சளி தண்ணீர் இல்லாமல் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், அதில் கிருமி குடியேறும். கணையத்திலிருந்து செரிமான நீர் வரும் சிறு குழாய்கள் அடைத்துக்கொள்ளும். தாய்ப்பாலில் இருக்கும் கொழுப்பு செரிக்காமல் அப்படியே மலத்தில் போகும். குழந்தை பசியோடு குடிக்கும், குடித்தது உடம்பில் ஒட்டாது. வியர்வையில் மட்டும் எதிர்மாறாக நடக்கும். தோலுக்கு வருமுன் உடம்பு திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிய உப்பு, கதவு திறக்காததால் வெளியே போய்விடும். அதனால்தான் இந்தக் குழந்தைகளின் வியர்வை அவ்வளவு கரிக்கிறது.

இது பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த மரபணுவின் பழுதான பிரதி ஆளுக்கு ஒன்று வந்தால் மட்டுமே வரும் நோய். ஒரு பிரதி மட்டும் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது, ஆயுள் முழுக்கத் தெரியாமலேயே இருப்பார். உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால், மாமன் மகளான உங்கள் மனைவியிடமும் அதே பிரதி இருக்க எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அக்கா மகளைக் கட்டியிருந்தால் நான்கில் ஒரு பங்கு. உங்களைக் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் சுமார் 28 சதவீதம் திருமணங்கள் சொந்தத்துக்குள்தான் நடந்திருக்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரிக் கிராமங்களில் இது நம் அன்றாடம். பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள் நன்றாகவே இருக்கிறார்கள். ஒரு குழந்தையை இழந்த வீட்டில் மட்டும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருக்கக் கூடாது. இருவரிடமும் பழுது இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. "ஒன்று போய்விட்டது, இனி மூன்று நல்லபடியாகப் பிறக்கும்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். கணக்கு அப்படி வேலை செய்வதில்லை. ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகத்தான் குலுக்கப்படுகிறது.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன்: தெரிந்து என்ன பயன்?

தருமபுரியில் நான் மருத்துவராகப் பணியில் இருந்த காலத்தில் பென்னாகரம் தாண்டி ஒரு ஊரிலிருந்து ஒரு பையனைத் தூக்கிவந்தார்கள். இரண்டரை வயது, ஏழு கிலோ. கையில் தடித்த ஃபைல். அதில் நம் பக்கத்துப் பெற்றோர் எல்லோருக்கும் தெரிந்த அந்த வார்த்தை: பிரைமரி காம்ப்ளெக்ஸ், அதாவது சிறு பிள்ளைகளுக்கு வரும் டிபி. டிபி மருந்து ஆறு மாதம் கொடுத்தாகிவிட்டது. சளி நிற்காததால் இரண்டாம் முறையும் தொடங்கியிருந்தது. அந்த இரண்டாம் முறைக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். எக்ஸ்ரேயில் நிழல், எடை இல்லை, இருமல் இருக்கிறது, நம் ஊரில் வேறென்ன நினைப்பது என்றுதான் அன்று தோன்றியது. ஊரில் சவலை என்றார்கள், மாந்தம் என்று மந்திரித்தார்கள், தொக்கம் எடுத்தார்கள். நானும் என் பங்குக்குத் தவறான திசையில் மூன்று மாதம் ஓட்டினேன்.

திசையைத் திருப்பியவர் அந்தப் பையனின் பாட்டி. ஒருநாள் ஓபியில் தற்செயலாகச் சொன்னார்: "பேரனுக்கு முத்தம் குடுத்தா உதடெல்லாம் கரிக்குதுங்க சாமி. வேர்த்துக் காஞ்சா நெத்தியில வெள்ளையா பூக்குது." அம்மாவிடம் மலம் எப்படிப் போகிறது என்று அன்றைக்குத்தான் ஒழுங்காகக் கேட்டேன். "துணி எத்தனை தடவ அலசுனாலும் எண்ணெய்ப் பிசுக்கு போகல, நாத்தம் தாங்கல" என்றார். அதை அவர் ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறார். யாரும் எழுதிவைக்கவில்லை. வேலூர் சி.எம்.சி.க்கு அனுப்பினோம். வியர்வை உப்பு நூறைத் தாண்டியிருந்தது, அறுபதைத் தொட்டாலே இந்த நோய்தான்.

மருந்து தொடங்கிய மூன்றே மாதத்தில் பையனுக்குக் கன்னம் வந்தது. ஆனால் நுரையீரலின் வலது மேல் பகுதியில் மூச்சுக்குழாய்கள் ஏற்கெனவே விரிந்து, தளர்ந்துபோயிருந்தன. அது திரும்பி வராது. அப்புறம் அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்த அம்மா மூன்றாவது வாரமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலூர் பஸ் ஏறிவிட்டார். அவளுக்கும் அதே நோய். நான்காவது வாரத்தில் மருந்து தொடங்கியாகிவிட்டது. ஒரே வீடு, ஒரே மரபணுப் பழுது, ஒரே களி, ஒரே குழம்பு. அண்ணன் இப்போது இரண்டு மாடி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறான், வருடத்துக்கு இரண்டு முறையாவது படுக்கையில் விழுகிறான். தங்கை பள்ளிக்கூடத்தில் கபடி ஆடினாள். இருவருக்கும் நடுவில் இருந்தது அந்த இரண்டரை வருடம்தான்.

ஒரு வீட்டுக் கதையை வைத்து மருத்துவம் பேசக் கூடாதுதான். பெரிய அளவிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1985 முதல் 1994 வரை பிறந்த லட்சக்கணக்கான குழந்தைகளின் குதிகால் இரத்தத்தைச் சோதித்து, பாதிப் பேருக்கு மட்டும் முடிவை உடனே சொன்னார்கள். மீதிப் பேருக்கு வழக்கம்போல அறிகுறி வந்த பிறகு, இல்லையென்றால் நான்கு வயதில்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு இரு தரப்புக்கும் ஒரே சிகிச்சை. முன்கூட்டியே தெரிந்த குழந்தைகள் எடையிலும் உயரத்திலும் முந்தி நின்றார்கள், அந்த வித்தியாசம் பல வருடம் தொடர்ந்தது. தெரியாமல் விட்ட குழந்தைகளில் பலருக்கு வைட்டமின் ஈ வெகுநாள் குறைந்தே கிடந்தது. அப்படிக் கிடந்தவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண்கள் பின்னாளில் குறைவாக இருந்தன. குழந்தையின் மூளை வேகமாக வளரும் மாதங்களில் கொழுப்பும் வைட்டமினும் வீணாகப் போனால், அப்புறம் எவ்வளவு கொடுத்தாலும் முழுக்க ஈடாகாது. அமெரிக்காவில் 2010க்குள் 50 மாநிலங்களும் இந்தச் சோதனையைக் கொண்டுவந்ததற்கு இப்படிப்பட்ட சான்றுகள்தான் காரணம். பிரிட்டனில் 2007 முதல் நாடு முழுக்க இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1981லேயே தொடங்கிவிட்டார்கள்.

அதே விஸ்கான்சின் ஆய்வில் இன்னொரு பாடமும் உண்டு. அதை நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. எடையில் தெரிந்த பலன் நுரையீரலில் எதிர்பார்த்த அளவுக்குத் தெரியவில்லை. காரணம் தேடியபோது, ஒரு மையத்தில் இந்தச் சின்னக் குழந்தைகளும் நோய் முற்றிய பெரிய பிள்ளைகளும் ஒரே இடத்தில் காத்திருந்தது தெரியவந்தது. சூடோமோனாஸ் என்ற கிருமி அங்கேயே குழந்தைகளுக்குத் தொற்றிவிட்டது. சீக்கிரம் கண்டுபிடித்தார்கள், கண்டுபிடித்ததாலேயே குழந்தை சீக்கிரம் கிருமிக்கு நடுவில் போய் உட்கார்ந்தது. நம் ஓபி வரிசையை நினைத்துப் பாருங்கள். நோய் உறுதியானால் கூட்டம் இல்லாத நேரத்தைக் கேட்டு வாங்குங்கள், வெளியே மரத்தடியில் காத்திருங்கள், இருமும் பிள்ளைகளிடமிருந்து தள்ளியே வைத்திருங்கள். மருத்துவர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்பட வேண்டாம்.

சரி, சோதனைக்கு வருவோம். இதில் நுணுக்கமான விஷயங்கள் பல இருக்கின்றன, நிதானமாகப் படியுங்கள்.

குதிகால் இரத்தத்தில் அவர்கள் அளப்பது கணையம் சுரக்கும் ஐ.ஆர்.டி. என்ற பொருள். கணையக் குழாய் அடைபட்டால் குடலுக்குப் போக வேண்டியது இரத்தத்தில் கசிந்து ஏறும். நியூசிலாந்தில் 1979இல் இதைக் கண்டறிந்தார்கள். ஓசூர் பேக்கேஜைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதில் ஐ.ஆர்.டி. சேர்ந்திருக்கிறதா?" என்பதுதான். ஐம்பது நோய், அறுபது நோய் என்று சொல்லும் எண்ணிக்கையில் பெரும்பகுதி மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற ஒரே கருவியில் வருவது. அந்தக் கருவி அமினோ அமிலங்களையும் கொழுப்பு அமிலக் கோளாறுகளையும் பார்க்கும், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அதில் தெரியாது. ஐ.ஆர்.டி. தனியாகச் செய்ய வேண்டிய சோதனை. எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல் பட்டியலை வாங்கிப் படியுங்கள்.

இரத்தத்தை எப்போது எடுக்கிறார்கள் என்பது முக்கியம். 48 மணி நேரம் கழிந்து, மூன்று நாளுக்குள் எடுப்பது நல்லது. பிறந்த அன்றே எடுத்தால், பிரசவத்தில் திணறிய குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் நோய் இல்லாமலே அளவு கூடித் தெரியும். இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் நோய் இருக்கும் குழந்தைக்கும் அளவு இறங்கிவிடும், அப்புறம் இந்தச் சோதனையால் பயன் இல்லை. சுகப்பிரசவம் ஆன மறுநாளே வீட்டுக்கு அனுப்பும் இடத்தில், "மூன்றாம் நாள் வந்து எடுத்துக்கொள்கிறோம்" என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு, பிரசவம் சித்திரையில். ஐ.ஆர்.டி. வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் தாங்காது. அட்டையில் இரத்தச் சொட்டு வைத்த பிறகு வெயில் படாமல், ஃபேன் காற்றை நேராகக் காட்டாமல், படுக்கைவாட்டில் மூன்று நான்கு மணி நேரம் உலர விட வேண்டும். உலர்ந்த அட்டை அன்றோ மறுநாளோ ஆய்வகத்துக்குக் கிளம்ப வேண்டும். சித்திரை வெயிலில் கூரியர் வண்டிக்குள் மூன்று நாள் கிடந்தால் அளவு இறங்கி, "நார்மல்" என்று தவறாக வரலாம். அட்டையை எங்கே வைக்கிறார்கள், எப்போது அனுப்புகிறார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

அளவு கூடியிருக்கிறது என்று போன் வந்தால் பதறாதீர்கள். அப்படி வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இந்த நோய் இருக்காது. அது ஒரு சந்தேகம், தீர்ப்பு கிடையாது. அந்த இரவு உங்கள் மனைவி தூங்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். பச்சை உடம்புக்காரியிடம் செய்தியை எப்படிச் சொல்வது என்று யோசித்துச் சொல்லுங்கள். பாலை நிறுத்திவிட வேண்டாம். மறுபக்கம், "நார்மல்" என்று வந்தாலும் உங்கள் வீட்டில் அதோடு விட்டுவிடக் கூடாது. குறிப்பாகக் குழந்தை முதல் மலம் போகாமல், வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தால், கெட்டியான கருமலம் குடலை அடைத்திருக்கலாம். இந்த நோயோடு பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குப் பதினைந்து இருபது பேருக்கு இது வரும், அவர்களில் சிலருக்கு ஐ.ஆர்.டி. சாதாரணமாகவே காட்டக்கூடும். அந்த நிலையில் மந்திரிப்பது, சேனை வைப்பது என்று ஒரு மணி நேரம்கூடக் கடத்தாதீர்கள். குழந்தை அறுவை மருத்துவர் இருக்கும் இடத்துக்கு நேராகப் போங்கள்.

முடிவு சொல்வது வியர்வைச் சோதனை. அதன் பின்னணி எனக்குப் பிடித்த ஒன்று, அதனால் சொல்லிவிடுகிறேன். 1948 கோடையில் நியூயார்க்கில் கடும் வெப்ப அலை வந்தது. வெயிலில் துவண்டு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் இந்த நோய்க்காரக் குழந்தைகள் அதிகம் இருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அவர்களில் ஒருவரான பால் டி சான்ட் அக்னீஸ் தொடர்ந்து ஆராய்ந்து, வியர்வையில் உப்பு மிதமிஞ்சிப் போவதை 1953இல் வெளியிட்டார். 1959இல் கிப்ஸன், குக் இருவரும் பத்திரமாக வியர்வை எடுக்கும் முறையைச் சொன்னார்கள். இன்றைக்கும் அதுதான் அடிப்படை. கையில் ஒரு மருந்தைத் தடவி, மிகச் சிறிய மின்னோட்டம் கொடுத்து, அரை மணி நேரம் வியர்வையைச் சேகரிப்பார்கள். ஊசி இல்லை. குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலும் அதற்கு மேலும் இருந்தால் நோய், 30க்குக் கீழ் இருந்தால் பெரும்பாலும் இல்லை. இடையில் வந்தால் திரும்பச் செய்து, மரபணுவும் பார்ப்பார்கள். குழந்தை இரண்டு கிலோவுக்கு மேல் இருந்து, பத்து நாள் கடந்திருந்தால் வியர்வை போதுமான அளவு கிடைக்கும். வேலூர் சி.எம்.சி.யில் செய்கிறார்கள், கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் நேர் பஸ். பெங்களூரின் பெரிய மருத்துவமனைகளிலும் கேட்கலாம். எங்கே போனாலும் போனில் நாள் கேட்டுக்கொண்டு போங்கள். தினமும் செய்யும் கை பழகிய இடமாக இருக்க வேண்டும். எப்போதோ ஒன்று செய்யும் இடத்தில் தவறு அதிகம்.

இருக்கிறது என்று உறுதியானால்? முதல் வேலை சாப்பாடு. தாய்ப்பால் தொடர வேண்டும், அதில் மாற்றமே இல்லை. ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் கொழுப்பைச் செரிக்க வைக்கும் கணைய நொதி மாத்திரையை (கேப்சூல்) திறந்து, உள்ளே இருக்கும் சிறு மணிகளைக் கொஞ்சம் பழக் கூழில் வைத்து, கரண்டியால் கொடுக்க வேண்டும். பாலில் கலக்கக் கூடாது, மணிகளை நசுக்கக் கூடாது. கொடுத்த பின் வாயில் மணி ஒட்டியிருக்கிறதா என்று விரலால் பாருங்கள், ஒட்டியிருந்தால் புண்ணாகும். இந்த மருந்து பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது. சில வீடுகளில் இது தெரிந்து தயங்குவார்கள், அதனால் முன்பே சொல்லிவிடுகிறேன். அளவை மருத்துவர் எடைக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டே போவார், நீங்களாகக் கூட்டக் கூடாது. கூடவே ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள்.

அப்புறம் உப்பு. இங்கேதான் வீட்டில் சண்டை வரும். ஒரு வயது வரை குழந்தைக்கு உப்புச் சேர்க்காதே என்று பால்வாடியிலும் சொல்வார்கள், நானும் சொல்வேன். மற்றக் குழந்தைகளுக்கு அதுதான் சரி. இந்த நோய் உறுதியான குழந்தைக்கு மட்டும் நேர்மாறு. ஆறு மாதம் வரை நாளொன்றுக்கு எட்டில் ஒரு டீஸ்பூன் அளவும், அதற்குப் பின் கால் டீஸ்பூனும், பல வேளைகளாகப் பிரித்து, மருத்துவர் சொன்ன பிறகு கொடுக்க வேண்டும். தருமபுரிக் கோடையில் இது உயிர்ப் பிரச்சினை. இந்தக் குழந்தைகள் பேதியே இல்லாமல் சோர்ந்து, பால் குடிக்காமல், வாந்தி எடுத்து வருவார்கள். இரத்தத்தில் சோடியமும் குளோரைடும் இறங்கி, பைகார்பனேட் ஏறியிருக்கும். இந்தியாவில் பல குழந்தைகளுக்கு நோயின் முதல் அடையாளமே இதுதான். பங்குனி, சித்திரையில் அப்படி ஒரு ரிப்போர்ட்டைப் பார்க்கும் இளம் மருத்துவர்கள், டிரிப் ஏற்றியதோடு விடாமல் வியர்வையையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். குழந்தைக்குக் குல்லா, ஸ்வெட்டர், மேலே ஒரு டவல் என்று வெயிலில் சுற்றித் தூக்கிப்போகும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, நெஞ்சைச் சுத்தமாக வைப்பது. தினமும் இரண்டு வேளை, சளி இருந்தாலும் இல்லாவிட்டாலும், உள்ளங்கையைக் குழித்து முதுகிலும் நெஞ்சிலும் தட்ட வேண்டும். தலைகீழாகச் சாய்த்துத் தட்டும் பழைய முறையை இப்போது கைக்குழந்தைகளுக்குச் செய்வதில்லை. பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை கையைப் பிடித்துக் காட்டினால் வீட்டில் யாரும் செய்யலாம். நான் சொன்ன அந்தத் தங்கைக்குப் பாட்டிதான் பதினைந்து வருடம் தட்டினார். பிள்ளை வளர வளர, உப்புத்தண்ணீர் நெபுலைசர், ஊதிப் பழகும் பயிற்சி என்று மாறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சளியைக் கிருமிச் சோதனைக்கு அனுப்பி, சூடோமோனாஸ் தலைகாட்டும்போதே அடித்துவிட வேண்டும். உள்ளே வேரூன்றிவிட்டால் அதைக் கிளப்புவது மிகக் கடினம்.

பெரிய பிள்ளைகளானதும் என்ன வரும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். பத்து வயதிலிருந்து ஆண்டுதோறும் சர்க்கரை பார்க்க வேண்டும், கணையம் பாதித்தவர்களுக்கு நீரிழிவு சேரும். ஈரல், எலும்பு இரண்டையும் கவனிக்க வேண்டும். ஆண்களில் அநேகமாக எல்லோருக்கும் விந்துக்குழாய் இருக்காது, இயல்பாகக் குழந்தை பிறக்காது. அந்த வயதில் அதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டிய பொறுப்பு பெற்றோருக்கு உண்டு. சாப்பாடு மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாகவே வேண்டும். களியோடு நெய், கடலைச் சட்னி, முட்டை, கடலை உருண்டை என்று கொழுப்பை அள்ளிக் கொடுக்கலாம், நொதி மாத்திரையோடு. பள்ளிக்கூட டீச்சரிடம், இந்தப் பிள்ளை சாப்பிடுமுன் மாத்திரை போடும், அடிக்கடி தண்ணீர் குடிக்கும், இருமினால் ஒட்டும் நோய் என்று ஒதுக்காதீர்கள் என்று போய்ச் சொல்ல வேண்டும்.

"குணமாகாத நோய்" என்றீர்கள். உண்மைதான், வேரோடு பிடுங்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் 1950களில் பள்ளிக்கூட வயதையே எட்டாத இந்தக் குழந்தைகள், இன்று அமெரிக்காவில் பிறந்தால் பாதிப் பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டுவார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அதில் பெரும் பங்கு சாப்பாடு, நெஞ்சுப் பராமரிப்பு, கிருமியைத் துரத்துவது ஆகிய சாதாரண வேலைகளுக்குரியது. 2012இல் ஐவாகாஃப்டர், 2019இல் மூன்று மருந்து சேர்ந்த ட்ரைகாஃப்டா என, பழுதான கதவையே ஓரளவு சரிசெய்யும் மருந்துகள் வந்தன. மச்சான் அதைப் பற்றித்தான் அதிகம் கேள்விப்பட்டிருப்பார். அங்கே அதன் விலை ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். எல்லா வகைப் பழுதுக்கும் அது பலிக்காது. எஃப்508டெல் என்ற பழுது மேற்கு நாட்டு நோயாளிகளில் மிகப் பரவலாகவும், நம்மவர்களிடம் அதைவிடக் குறைவாகவும் இருக்கிறது. அதனால் எந்தப் பழுது என்று மரபணுச் சோதனையில் தெரிந்த பிறகே அந்தப் பேச்சு. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கைப் பட்டியலில் இந்த நோய் இருக்கிறது. 2022இலிருந்து 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று உயர்த்தியிருக்கிறார்கள், அதைக் குறிப்பிட்ட மையங்கள் வழியாகத்தான் பெற முடியும். உங்களுக்குப் பக்கம், பெங்களூரில் இந்திரா காந்தி மருத்துவமனையோடு சேர்ந்து இயங்கும் மனித மரபியல் மையம்.

இனி, கடைசியில் வருகிறேன் என்று முன்பே சொன்ன விஷயம். மூத்த பிள்ளைக்கு வேறு நோய் இருந்திருக்கலாம். பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத நோய்களும் இப்படித்தான் பேதி, சளி, எடையின்மை என்று வந்து சில மாதத்தில் உயிரை எடுக்கும். அதனால் பிரசவ அறையிலேயே மருத்துவரிடம், "முதல் குழந்தை ஐந்து மாதத்தில் தொற்றில் இறந்தது, நாங்கள் சொந்தம்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். பிறந்ததும் போடும் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. உயிருள்ள கிருமியால் ஆனது. எதிர்ப்புச் சக்திக் குறை இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், அதை எப்போது போடுவது என்று அவர் முடிவெடுப்பார். நீங்களாகத் தடுப்பூசியை மறுத்துவிடாதீர்கள், தகவலைக் கொடுங்கள், போதும். குதிகாலில் குத்தும் அதே இரத்தத்தில் பிறவித் தைராய்டு குறைபாட்டையும் கட்டாயம் பாருங்கள். அது நம் நாட்டில் சுமார் ஆயிரம் குழந்தைக்கு ஒன்றுக்கு வருவது. காலத்தில் கண்டுபிடித்தால் மலிவான மாத்திரையில் மூளை வளர்ச்சி தப்பிக்கும். தைராய்டு பார்க்காமல் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் மட்டும் பார்ப்பது சரியான வரிசை ஆகாது.

உங்கள் இருவருக்கும் சி.எஃப்.டி.ஆர். மரபணுவை முழுக்கப் படிக்கும் சோதனை எடுக்க முடிந்தால், குழந்தை பிறக்குமுன்பே பாதி பதில் கிடைத்துவிடும். இதில் 2,000க்கும் மேற்பட்ட மாற்றங்கள் தெரிந்திருக்கின்றன. வெள்ளைக்காரர்களுக்காகத் தொகுத்த சில பத்து மாற்றங்களை மட்டும் பார்க்கும் மலிவுச் சோதனையில் நம்மவர்களின் பழுது நழுவிவிடும். எடுத்தால் முழுதாக எடுங்கள். ஏழாம் மாதத்தில் பனிக்குட நீர் எடுத்துப் பார்ப்பதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். அடுத்த குழந்தை என்று ஒரு பேச்சு வந்தால், மூன்றாம் மாதத்துக்குள் மரபியல் மருத்துவரைப் பாருங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மூத்த பிள்ளையின் பழைய காகிதங்கள், எக்ஸ்ரே, பால்வாடி எடை அட்டை எது வீட்டில் இருந்தாலும் எடுத்து ஒரு பையில் போடுங்கள். எல்லாவற்றையும் எரித்துவிட்டீர்கள் என்றால் பரவாயில்லை. மனைவியோ உங்கள் அம்மாவோ மனம் தாங்கும் ஒரு நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முதல் மலம் எப்போது போனான், துணியில் எண்ணெய்க் கறை இருந்ததா, வேர்த்துக் காய்ந்தால் நெற்றியில் வெள்ளையாகப் பூத்ததா, முத்தம் கொடுத்தபோது கரித்ததா. அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதி, அந்தப் பையிலேயே வையுங்கள். வேலூரிலோ பெங்களூரிலோ மருத்துவர் முன்னால் உட்காரும்போது முதலில் அந்தத் தாளை நீட்டுங்கள்.